குரு சார் சொன்னாரு

குரு என்பவனை என் வீட்டை விட்டுத் துரத்தியே தீருவது என்று அன்று காலையில் சபதம் எடுத்தேன். அவன் என் வீட்டுப் படி ஏறியதே இல்லை. ஆனால் என் மனைவி பூங்குழலியின் வாயில் குடியிருந்தான்.

குரு ஆசுபத்திரியில் குடும்பக் கட்டுப்பாட்டு ஆலோசகர். எங்கள் இரண்டாவது பெண் பிறந்தபோது பூங்குழலிக்கு ரத்தக்கொதிப்பு ஏறி, பிழைத்ததே பெரும்பாடு. இன்னொரு பிரசவம் கூடவே கூடாது என்றார் டாக்டர். அந்தக் கொதிப்புக்கு அவள் சாப்பிட்ட கர்ப்பத்தடை மாத்திரையும் ஆகாதாம். "ஒரு தரம் கூட வாங்க, வேற இன்னா வழின்னு கேட்டுட்டு வரலாம்" என்று கெஞ்சினாள். "அது பொம்பளைங்க சமாச்சாரம்" என்று எங்கள் செஞ்சிக்கோட்டை ராஜகிரி மலை மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தேன். தனியாகப் போனாள். வந்தது வினை.

"குரு சார் சொன்னாரு, ஆணுறையை பர்ஸுல வெக்கக் கூடாதாம்."

"ஓகோ."

"குரு சார் சிரிச்சா கன்னத்துல குழி வுழுதுங்க."

"ஆணுறைக்கும் குழிக்கும் இன்னாடி சம்பந்தம்?"

"சும்மா சொன்னேன். சாப்டுங்க, ஆறிடப் போவுது."

சோறு இறங்கவில்லை. பொறாமைதான், ஒளிப்பானேன்? கண்ணாடி முன் நின்று சிரித்துப் பார்த்தேன். குழி விழவில்லை. தாடைக்குக் கீழே இன்னொரு தாடை விழுந்தது.

டிராக்டர் உதிரிபாகக் கடையைப் பூட்டிவிட்டு ஆசுபத்திரிக்கே போனேன். படுபாவி, நிஜமாகவே அழகாக இருந்தான்.

"யோவ், எதுவா இருந்தாலும் இனிமே எங்கிட்ட சொல்லு. எம் பொண்டாட்டிகிட்ட வேணாம்."

"தாராளமா சொல்றேன், உக்காருங்கண்ணே" என்று குழி விழச் சிரித்தான்.

அவனை மிஞ்சிவிடும் வெறியில் அத்தனையும் கற்றேன். வீட்டுக்கு வந்ததும் பூங்குழலி பரீட்சை வைத்தாள்.

"உறையை எப்பிடிப் போடறது?"

"மொதல்ல காலாவதி தேதி பாக்கணும். பல்லால கிழிக்கக் கூடாது. நுனியைக் கிள்ளி, காத்து இல்லாம மாட்டணும். ஒருக்கா போட்டதை மறுபடி போடக் கூடாது."

"தேங்கா எண்ணெ?"

"ஐயையோ, உறை கிழிஞ்சிடும்!"

"கிழிஞ்சிட்டா?"

"உடனே ஆசுபத்திரி. மூணு நாளைக்குள்ள போட அவசர மாத்திரை இருக்குது. எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ நல்லது."

"பைக் டேங்க் கவர்ல வெச்சா?"

குரு இலவசமாகக் கொடுத்த பாக்கெட்டெல்லாம் அங்கேதான், செஞ்சி வெயிலில் வெந்துகொண்டிருந்தன.

"அதைத் தூக்கிப் போட்டுட்டு வேற நானே வாங்கியாறேன்" என்று சமாளித்தேன். "அதோட, ஆம்பளைங்க ஆபரேசனுக்கும் பேர் குடுத்துட்டேன். தையல்கூட கிடையாது. அப்பறமும் மூணு மாசம் உறை போட்டு, டெஸ்ட் எடுத்துப் பாத்தாத்தான் முழு நிம்மதி. நீ இனிமே அந்தக் குருவைப் பாக்கவே வேணாம்!"

"சரிங்க" என்றாள், பெட்டிப் பாம்பாக. ஜெயித்துவிட்டேன்! மீசையை முறுக்கினேன்.

அப்போது பக்கத்து வீட்டு அமலா உள்ளே வந்தாள். "அக்கா, எங்க வீட்டுக்காரரும் ஆசுபத்திரிக்கு வரமாட்டேன்றாரு. நீ சொல்லிக்குடுத்த மாதிரி 'குரு சார், குரு சார்'னு புகழலாம்னா, குரு சாரு அவருக்குச் சித்தப்பா மவனா பூட்டாரு."

"அதனால இன்னாடி? எங்க வீட்டுக்காரருக்கு இப்ப எல்லாம் தெரியும். இவரு பேரைச் சொல்லிப் புகழு."

அமலா என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தாள்.

"இவரைப் பாத்து எங்க வீட்டுக்காரருக்கு எப்பிடிக்கா பொறாமை வரும்?"