ஞாபகம் போன வேன்

திங்கட்கிழமை காலை வெர்லின் ரிமோட்டை அமுக்கினார். வேன் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. கிட்டப் போய் அமுக்கினார். கண்ணாடியோடு ஒட்டவைத்து அமுக்கினார். சமையலறைக்குப் போய், கடிகாரத்திலிருந்து பொத்தான் பேட்டரியைப் பிடுங்கி ரிமோட்டில் போட்டுக்கொண்டு வந்து அமுக்கினார். வேன் அசைந்து கொடுப்பதாக இல்லை.

நல்லவேளை, கதவு பூட்டியிருக்கவில்லை. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்துச் சின்ன ஊர் அது; யாரும் வண்டியைப் பூட்டுவதில்லை. குளிர்காலத்தில் மாற்றுச் சாவியைக்கூடக் காபிக் கோப்பை வைக்கும் குழியிலேயே போட்டுவிடுவார்கள். பனி தள்ளுகிறவன் வந்தால் வண்டியை நகர்த்திப் போட வசதியாக இருக்கும்.

ஏறி உட்கார்ந்தார். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. சீட் யாரோ குள்ளமானவருக்காக முன்னால் தள்ளப்பட்டதுபோல இருந்தது. சாவி உள்ளே எங்காவது இருந்தாலே கிளம்புகிற வகை அது; பொத்தானை அமுக்கியதும் சத்தமே இல்லாமல் 'தயார்' என்று பச்சை எழுத்து வந்தது. ரேடியோ வழக்கமான சோள விலை நிலவரத்தை விட்டுவிட்டுப் போல்கா நடன இசை வாசித்தது. மேலே இருக்கும் பொத்தானைத் தட்டினால் கராஜ் கதவு திறக்க வேண்டும். அதுவும் திறக்கவில்லை.

வெர்லினுக்கு உடம்பு சிலிர்த்தது. வண்டிக்கு ஞாபகம் போய்விட்டது.

உள்ளே போய் மனைவியிடம் சொன்னார். மார்லிஸ் ரொட்டியில் வெண்ணெய் தடவுவதை நிறுத்தவில்லை.

"உன்னையும் மறந்துடுச்சா?" என்றாள்.

"என்னையும்தான்."

"கொடுத்து வெச்ச வண்டி."

வாடகைக் கம்பெனி ஒன்று கழித்துப்போட்ட வெள்ளை ஹைப்ரிட் வேன் அது. மார்லிஸின் தம்பி ராட்னி ஏலத்தில் வாங்கி ஊருக்குள் விற்ற ஒரே மாதிரி வேன்களில் ஒன்று. வாங்கிய நாளிலிருந்து வெர்லினுக்கு அதைப் பற்றிய வியப்பு அடங்கவே இல்லை. பிரேக்கை மிதித்தால் மின்சாரம் சேர்கிறது. சிக்னலில் நின்றால் இன்ஜின் தானே வாயை மூடிக்கொள்கிறது. விருந்தாளி வந்தால் ஏரிக்கரை இறக்கத்துக்கு அழைத்துப்போய், திரையில் சின்ன அம்பு சக்கரத்திலிருந்து பேட்டரிக்குத் திரும்புவதைக் காட்டுவார். அப்போது சர்ச்சில் நிற்பவர்போலத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார்.

மார்லிஸுக்கு அந்த பக்தி இல்லை. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. போகிற வழியெல்லாம் வெறும் வயல், பனிக்காற்று. அன்று அவள் முடிவாகச் சொல்லிவிட்டாள். சனிக்கிழமைக்குள் வண்டி சரியாக வேண்டும். இல்லையென்றால் ராட்னி வந்து எடுத்துக்கொண்டு போவான், பதிலுக்குச் சாதாரண பெட்ரோல் வண்டி ஒன்று வரும்.

வெர்லினுக்கு அது பொறுக்கவில்லை. இவ்வளவு அறிவுள்ள ஒன்றை நோய் வந்துவிட்டது என்பதற்காகத் தள்ளிவிடுவதா?

நோய் என்னவென்று அவருக்குத் தெரியும். பெரிய பேட்டரி வண்டியை ஓட்டும். ஆனால் கம்ப்யூட்டர்களை எழுப்பிவிடுவது ஒரு சின்ன பேட்டரி. அது சோர்ந்துபோனால் வண்டிக்குப் புத்தி தடுமாறும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மீன் விருந்து. மேசை ஏற்றுவதற்காக எல்லோருமே வேனில் சீட்டுகளைக் கழற்றி, உள்ளே இருந்ததையெல்லாம் காலிபண்ணியிருந்தார்கள். கொட்டுகிற பனியில் வண்டிகள் சாயங்காலம்வரை நின்றன. அந்தக் குளிர்தான் சின்ன பேட்டரியைத் தின்றிருக்க வேண்டும்.

புது பேட்டரி வாங்கி மாட்டினார். மாட்டி முடிக்கிற நேரத்தில் எல்வுட் வந்தார். சர்ச்சில் இவருக்கு முன்வரிசையில் உட்காருகிறவர், கட்டையான, சாதுவான மனிதர். பேட்டரி மாற்றியாகிவிட்டதா என்று கேட்டார். ஆகிவிட்டது என்றதும் முகம் ஒரு மாதிரியானது. குளிரைப் பற்றிக் கொஞ்சம் பேசினார். எதையோ சொல்ல வாயெடுத்து, "சரி, வேலையா இருக்கீங்க" என்று போய்விட்டார்.

புது பேட்டரிக்குப் பிறகு வண்டிக்கு மிச்சமிருந்த ஞாபகமும் போனது. கடிகாரம் பூஜ்யத்துக்குப் போனது. பக்கவாட்டுத் தள்ளுகதவு மூடியதும் தானே திறந்தது. மறுபடி மூடினால் மறுபடி திறந்தது.

"பொறந்த குழந்தை மாதிரி இருக்கு மார்லிஸ்" என்றார் வெர்லின், குரல் தழுதழுக்க. "ஜன்னலுக்கு எது மேல, எது கீழன்னு நான் சொல்லிக்கொடுத்தேன். கத்துக்கிச்சு."

"அந்தக் குழந்தையை நம்பி நான் ராத்திரி டியூட்டிக்குப் போகணுமா?"

கதவுக்குச் சொல்லிக்கொடுக்க முடியவில்லை. கதவு ஓடுகிற தடத்தில் ஏதோ உரசுகிறது என்று நினைத்து டிராக்டருக்குப் போடுகிற கெட்டி கிரீஸை அள்ளி அப்பினார். குளிரில் அது கல்லாக இறுகியது. கதவு பாதி திறந்த நிலையில் நின்றுவிட்டது. வெர்லின் அங்கே ஒரு கம்பளியைத் தொங்கவிட்டார்.

எல்வுட் மறுபடி வந்தார். கம்பளியைப் பார்த்தார். எவ்வளவு நாளாகும் என்று மெதுவாக விசாரித்தார். வெர்லின் அவர் கையில் டார்ச்சைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். மனிதர் ஒரு மணி நேரம் மூச்சுக் காட்டாமல் பிடித்துக்கொண்டு நின்றார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு ஆளா என்று வெர்லினுக்கு மனசு நெகிழ்ந்துபோனது. போகும்போது எல்வுட் வேனை ஒருமுறை சுற்றிவந்து பெருமூச்சு விட்டார். அவருக்கும் அந்த வண்டியின் மகிமை புரிந்துவிட்டது என்று வெர்லின் எடுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை திரையில் புது எச்சரிக்கை வந்தது. பெரிய பேட்டரிக்குக் காற்று போதவில்லையாம். அதற்குக் காற்று இழுக்கும் சல்லடை வண்டிக்குள்ளேயே, சீட்டுக்கு அடியில் இருக்கிறது. வெர்லின் குப்புறப் படுத்து சல்லடையைக் கழற்றினார். உள்ளேயிருந்து கை நிறைய, பொன் நிறத்தில் நாய் முடி வந்தது.

அதை ஏந்திக்கொண்டு போய் மார்லிஸிடம் காட்டினார்.

"நம்மகிட்ட ஏது நாய்?" என்றாள்.

"முன்னாடி வெச்சிருந்தவங்களோடது."

"வாடகைக் கம்பெனி நாய் வளத்துச்சா?"

வெர்லின் முடியைக் கையில் புரட்டிப் பார்த்தார். எத்தனை குடும்பங்கள், எத்தனை நாய்கள், எத்தனை விடுமுறைகள். அத்தனையையும் இந்த வண்டி நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு ஓடியிருக்கிறதே என்று மலைத்து நின்றார். அந்த மலைப்பிலேயே சல்லடையைத் திருப்பி மாட்டியபோது மின்விசிறியின் ஒயர் ஒன்றை இணைக்க மறந்துவிட்டார். பெரிய பேட்டரி சூடாகி, திரை முழுக்கச் சிவப்பு விளக்குகள் எரிந்தன. பிறகு அதுவும் அணைந்தது. வண்டி முற்றாகப் படுத்துவிட்டது.

சனிக்கிழமை ராட்னி இழுவை வண்டியோடு வந்தான். வேனையும் கம்பளியையும் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"மச்சான், இதை வண்டின்னு சொல்லி வித்தா என்னை உள்ள தூக்கி வெச்சிடுவாங்க. பார்ட் பார்ட்டா பிரிச்சுத்தான் போடணும்."

வெர்லின் தொப்பியைக் கழற்றிவிட்டு பானெட்டில் கை வைத்தார். தான் பார்த்த இயந்திரங்களிலேயே இதுதான் பெரிய அதிசயம் என்றும், தன் கைக்கு அதைக் காப்பாற்றத் தெரியவில்லை என்றும் சொன்னார். மார்லிஸே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தெருவோரம் எல்வுட் வந்து நின்றிருந்தார், கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக. இழவு வீட்டுக்கு வந்தவர் போலிருந்தது. துக்கத்தில் பங்குகொள்ள வந்திருக்கிறாரே என்று வெர்லின் அவரைப் பார்த்து நன்றியோடு தலையசைத்தார்.

ராட்னி சங்கிலியை எடுத்து வேனின் அடியில் கொக்கியை மாட்டினான்.

எல்வுட் செருமினார். எல்லோரும் திரும்பியதும் காதுவரை சிவந்துபோனார்.

"தப்பா எடுத்துக்காதீங்க வெர்லின். நீங்க அவ்வளவு ஆசையா ரிப்பேர் பண்ணிட்டிருக்கும்போது குறுக்க பேசறது நல்லாருக்காதுன்னுதான் இருந்தேன். ஆனா பிரிச்சுப் போடறதுன்னா சொல்லித்தானே ஆகணும், இது எங்க வண்டி. உங்களுதை ஞாயித்துக்கிழமையிலிருந்து நான்தான் ஓட்டிட்டிருக்கேன், அதுல ஒரு குறையும் இல்ல."