உங்கள் தம்பியைப் பிளேனில் ஏற்றிய விவரம்

கோத்தா கினபாலு, சபா
வெள்ளிக்கிழமை

சுங்கை பூலோவில் இருக்கும் மரியாதைக்குரிய அண்ணி இராஜம்மா அவர்களுக்கு, உங்கள் தம்பி பெண்டாட்டி புஷ்பவல்லி பணிவோடு எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். உங்கள் முட்டி வலியும் சர்க்கரையும் அடங்கி இருக்க அந்த முருகனை வேண்டிக்கொள்கிறேன். போன் போட்டால் நீங்கள் எடுப்பதில்லை, வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீல டிக் விழுகிறது, பதில் விழுவதில்லை. "என் தம்பிய ஆகாயத்துல ஏத்திக் கொல்லப் பாக்குறா" என்று கோயிலில் நாலு பேர் முன்னால் நீங்கள் சொன்னதும் என் காதுக்கு வந்து சேர்ந்தது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். போனைப் போல இதைப் பாதியில் கட் பண்ண முடியாது. கிழித்துப் போடலாம், ஆனால் படித்துவிட்டுத்தான் கிழிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

உங்கள் தம்பியின் பயம் உயரத்தைப் பற்றியது என்றுதான் நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அண்ணி, இந்த மனுஷன் கிள்ளானில் பாதி ஊருக்குக் கார் பாடம் சொல்லிக்கொடுத்தவர். படிக்கிறவர்கள் ஸ்டியரிங்கைப் பிடிப்பார்கள், இவர் பக்கத்து சீட்டில் தன் காலடியில் தனியாக ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிழைப்பு முழுக்க அப்படியே ஓடிவிட்டது. நான் காரோட்டினால் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் கால்மிதியில் ஓட்டை போட்டுவிட்டார். பஸ்ஸில் போனாலும் டிரைவர் முகம் தெரியும் சீட்டுதான் வேண்டும். நம்ம மகள் தாமரைக்கு டீச்சர் வேலை சபாவில் கிடைத்தபோது, "அதுவும் மலேசியாதானே, கார்லயே போய்ட்டா என்ன?" என்று கேட்டார். நடுவில் கடல் இருக்கிறது என்று சொன்னதற்கு என்மேல் கோபம். அதற்குப் பிறகு அவள் கல்யாணம் கிள்ளானில் நடந்தது, தீபாவளிக்கு அவளே வந்தாள், அப்படியே இவர் மகள் வீட்டு வாசலை மிதிக்காமலே காலத்தை ஓட்டிவிட்டார்.

இப்போது அவள் பிள்ளைத்தாச்சி, டாக்டர் இனிமேல் பறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். "அம்மா, நீங்க மட்டும் வாங்க. அப்பாவ கட்டாயப்படுத்தாதீங்க, பாவம். எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்று போனில் சொன்னாள். அந்தக் குரலிலேயே எல்லாம் இருந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், இவரும் கேட்டார். தட்டில் கைகழுவிவிட்டு, "ரெண்டு டிக்கெட் போடு" என்றார். நான் கட்டாயப்படுத்தவில்லை அண்ணி, இதை அடிக்கோடு போட்டுப் படியுங்கள்.

டிக்கெட் போட்ட மறுநாளே மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. சரி, நாமே பழக்கிவிடலாம் என்று நான் இறங்கினேன். சாப்பாட்டு மேசை நாற்காலிகள் இரண்டைச் சுவரோரம் ஒட்டிப் போட்டு, அவர் வேட்டி பெல்ட்டை இடுப்பில் மாட்டி உட்காரவைத்து, மேலே மின்விசிறியை முழுசாகத் திருப்பிவிட்டு, "பெரியோர்களே, விமானம் கிளம்பப்போகுது" என்று கரண்டியை மைக்காகப் பிடித்து அறிவிப்பும் செய்தேன். உங்கள் தம்பி கண்ணைத் திறக்காமல், "யாரு ஓட்டுறா?" என்று கேட்டார். நான்தான் என்றேன். பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழுந்து போய்விட்டார். பிறகு அவர் சிநேகிதர் தம்புசாமி கொடுத்த யோசனைப்படி கெந்திங் மலை கேபிள் காருக்கு அழைத்துப்போனேன். ஏறும்போது நன்றாகத்தான் இருந்தார், கீழே காடு தெரிந்தது, ரசிக்கக்கூடச் செய்தார். மேலே இறங்கியதும் அங்கே நின்ற பையனிடம், "தம்பி, இத எங்க உக்காந்து ஓட்டுறாங்க?" என்று கேட்டார். அவன், "யாரும் ஓட்டல அங்கிள், தானா போகுது லா" என்றான். அவ்வளவுதான், கைப்பிடியைப் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். திரும்பும்போது பஸ்ஸில் வந்தோம்.

கடைசியில் தெய்வம்தான் வழி என்று பிரிக்ஃபீல்ட்ஸ் கோயிலுக்குப் போனோம். கிள்ளானில் போனால் இவரிடம் லைசென்ஸ் எடுத்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களாம். புதுக் காருக்குப் போடும் பூசையைப் பிளேனுக்குப் போடவேண்டும் என்று ஐயரிடம் கேட்டார். "வண்டி எங்க நிக்குது?" என்று ஐயர் கேட்டார். "செப்பாங் ஏர்போர்ட்ல" என்றார் இவர். ஐயர் ரொம்பப் பொறுமைசாலி. வண்டி நம்பரைக் கேட்டு, டிக்கெட்டில் இருந்த நம்பரைச் சொல்லி அர்ச்சனை செய்து, டிக்கெட்டுக்கே சந்தனம் குங்குமம் வைத்துக் கொடுத்தார். அதோடு விட்டிருக்கலாம். வரும் வழியில் உங்கள் தம்பி பாசாரில் இறங்கி ஒரு பை எலுமிச்சம்பழம் வாங்கினார். நாலு போதாதா என்றால், "அதுக்கு எத்தன டயருன்னு உனக்குத் தெரியுமா?" என்று என்னை மடக்கினார்.

அந்தப் பை விமான நிலையத்தில் சோதனை மிஷினுக்குள் போய் நின்றுவிட்டது. மலாய்க்கார அதிகாரி, "பாக்சிக், இவ்வளவு லிமாவ் எதுக்கு?" என்று மாமா முறை வைத்து மரியாதையாகக் கேட்டார். உங்கள் தம்பி நெஞ்சை நிமிர்த்தி, பிளேன் டயருக்கு அடியில் வைக்க என்று மலாயில் விளக்க ஆரம்பித்தார். நான் முன்னால் பாய்ந்து, எங்க மக மாசமா இருக்கா, புளிப்பு கேக்குறா என்று சொன்னேன். அந்த நல்ல மனுஷன் சிரித்து, சுகப்பிரசவம் ஆகட்டும் என்று வாழ்த்திப் பையைக் கொடுத்தார். பழமெல்லாம் இப்போது இங்கே ஊறுகாய் ஆகிவிட்டது.

உள்ளே ஏறி உட்கார்ந்தோம். கதவைச் சாத்துகிற நேரத்தில் எழுந்து நின்று, "நான் எறங்கணும்" என்றார். அண்ணி, அந்த நிமிஷம் எனக்கு இவர்மேல் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. இவர் இறங்கினால் நானும் இறங்கவேண்டும், அங்கே பிள்ளை ஒற்றையாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பணிப்பெண் ஓடிவந்தாள், நம்ம தமிழ்ப் பெண்தான். "அங்கிள், ப்ளீஸ் உக்காருங்க."

"ஓட்டுறவரு எங்கம்மா? நான் மூஞ்சியப் பாக்கணும்."

"உள்ள இருக்காங்க அங்கிள், கதவு சாத்தியாச்சு."

"ஒருத்தரா?"

"இல்ல அங்கிள், ரெண்டு பேரு. கேப்டன், பக்கத்து சீட்ல இன்னொருத்தரு."

உங்கள் தம்பியின் முகம் மாறியது. "பக்கத்து சீட்டுக்காரருக்கும் பிரேக் இருக்கா?"

"அவங்களுக்கும் எல்லாம் இருக்கு அங்கிள். எல்லாமே டபுள்."

பொத்தென்று உட்கார்ந்து அவரே பெல்ட்டை மாட்டினார். "இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன?" என்று என்னிடம்தான் பாய்ந்தார். நாற்காலி போட்டு, கெந்திங் போய், பூசை போட்டு நான் பட்ட பாட்டுக்கு இதுதான் மரியாதை. கேப்டன் என்றால் படிக்கிற பையன், பக்கத்து சீட்டில் இருப்பவர்தான் வாத்தியார் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். நான் திருத்தவில்லை, நடுவானில் ஒருவர் நிம்மதியைக் கெடுப்பானேன்? பிளேன் குலுங்கியபோதெல்லாம், "பாவம், அந்த வாத்தியாருக்கு எவ்வளவு டென்ஷன் பாரு" என்று சொல்லிச் சொல்லி என் காலை மிதித்தார், சுண்டுவிரல் இன்னும் வீங்கியிருக்கிறது. தரையிறங்கி நின்றதும், "பிரேக் கொஞ்சம் லேட்டு. பரவால்ல, பாஸ் போட்டுடலாம்" என்று சத்தமாகச் சொன்னார். முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வெளியே தாமரை நின்றாள். அவள் எதிர்பார்த்தது என்னை மட்டும், அப்பா ஏறினாலும் இறங்கிவிடுவார் என்றே நினைத்திருந்தாளாம். இவரைப் பார்த்ததும் அந்த வயிற்றோடு ஓடிவரப் பார்த்தாள், "ஏய், மெதுவா, மெதுவா" என்று இவர் கத்தினார். அடுத்த வாரமே பெண் குழந்தை, சுகப்பிரசவம். நர்ஸ் குழந்தையை இவர் கையில் கொடுத்தபோது வாய்விட்டு அழுதார் அண்ணி. நானும் அழுதேன். மாப்பிள்ளை பிரவின்தான் பாவம், யாரைத் தேற்றுவது என்று தெரியாமல் முழித்தார்.

ஆக, உங்கள் தம்பி உயிரோடும் உடம்போடும் இருக்கிறார், பயம் முழுசாகப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை அதே தைரியத்தோடு ஏறி வந்துவிடுவோம். திங்கட்கிழமை வந்து உங்களைப் பார்க்கிறோம், மீன் குழம்பு வைத்துவையுங்கள். பேத்தியின் சார்பாகவும் எங்கள் எல்லோர் சார்பாகவும் உங்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டு முடிக்கிறேன். இனியாவது போனை எடுங்கள்.

இப்படிக்கு,
நீங்கள் எவ்வளவு திட்டினாலும் உங்கள் வீட்டு மருமகள்,
புஷ்பவல்லி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் தம்பி வந்து நின்றார். குழந்தை அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. "புஷ்பா, ஞாயித்துக்கெழம நான் வரல. எனக்கு மறுபடியும் பயமா இருக்கு" என்றார். இவ்வளவு காலம் குடும்பம் நடத்தியவளுக்கு இவர் பயந்த முகம் தெரியாதா? இது அந்த முகமே இல்லை. நன்றாகத் திட்டிவிட்டுப் பெட்டி கட்டப் போனேன். இரண்டு சேலையை மடித்து வைத்தேன், உள்ளே குழந்தை சிணுங்கியது, இரண்டையும் வெளியே எடுத்துவிட்டேன். வீட்டுச் சாவி தம்புசாமியிடம் இருக்கிறது, செடிகளுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். யாராவது கேட்டால், என் தம்பி நாகையாவுக்கு மட்டுமில்லை, அவன் பெண்டாட்டிக்கும் பிளேன் என்றால் பயம் என்று சொல்லிவிடுங்கள்.