கொழும்பு நாட்டாமையும் தேக்குக் கட்டிலும்

ஒரு பொய்கூடச் சொல்லாமல் பினாங்கு முழுவதையும் ஏமாற்றிய ஒரே மனிதர் எங்கள் கொழும்பு நாட்டாமைதான்.

கப்பலை விட்டு இறங்கியவரிடம் குயின் தெருக்காரர் ஒருவர், "கொழும்புல என்னங்க தொழில்?" என்று கேட்டிருக்கிறார். "நாட்டாமை" என்றார் இவர். ஆறடி உயரம், முறுக்கு மீசை வேறு. கேட்டவர் தஞ்சாவூர்க்காரர், அவருக்கு நாட்டாமை என்றால் ஊர் வழக்கைத் தீர்த்துவைக்கும் பெரிய மனிதர். உடனே தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

மறுநாளே தண்ணீர்க் குழாய்ச் சண்டை அவரிடம் வந்தது. இரண்டு பெண்கள், இரண்டு அண்டா. யாருடையது முதலில் என்று வழக்கு.

"எதைத் தூக்கணும்?" என்று கேட்டார்.

ஆழமான கேள்வி என்று தெருவே தலையாட்டியது. அவரோ ஒவ்வொரு அண்டாவாக நிரப்பி, தூக்கிக்கொண்டுபோய் அவரவர் வீட்டில் இறக்கிவிட்டார்.

"தீர்ப்புன்னா இதுதான் லா!" என்று பினாங்குப் பேச்சில் மெச்சினார்கள்.

அதன்பின் அவருடைய தீர்ப்பெல்லாம் தூக்குவதுதான். புருஷனோடு சண்டை போட்டுத் தாய்வீட்டுக்குக் கிளம்பியவளின் பெட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, தெருவை மூன்று சுற்றுச் சுற்றி, கிளம்பிய வீட்டிலேயே இறக்கினார். பின்னால் நடந்து களைத்தவள் உள்ளே போய் உலை வைத்தாள்.

எனக்கும் அண்ணனுக்கும் அப்பாவின் தேக்குக் கட்டில் யாருக்கு என்று தகராறு. முகம் பார்ப்பதில்லை.

"மூணு மாசம் அங்க, மூணு மாசம் இங்க. மாத்துறப்ப அண்ணன் தலைமாட்டப் புடிக்கணும், தம்பி கால்மாட்டப் புடிக்கணும்" என்றார் நாட்டாமை.

பேசாத இருவர் கட்டில் தூக்கிப் பாருங்கள். "படி இருக்கு", "ரிக்‌ஷா வருது" என்று எதையாவது சொல்லியே ஆகவேண்டும். நான்காவது தடவை அண்ணன் வீட்டிலேயே சாப்பிட்டேன்.

அப்போதுதான் யாழ்ப்பாணத்துக் குமாஸ்தா ஒருவர் குட்டை உடைத்தார். "கொழும்புத் துறைமுகத்தில நாட்டாமை எண்டா மூட்டை தூக்கிற ஆள்!"

தெரு கொதித்தது. அவரிடமே கேட்டோம்.

"ஆமா, மூட்டைதான் தூக்குனேன். நாட்டாமைன்னா என்னன்னு நீங்க யாரும் கேக்கலியே" என்றார். மறுநாளே துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போய்விட்டார்.

கட்டில் அண்ணன் வீட்டுக்குப் போகவேண்டிய மாதம் அது. தலைமாட்டைப் பிடிக்க வந்த அண்ணனிடம், "மூட்டைக்காரன் தீர்ப்பு என்னைக் கட்டாது" என்றேன். அண்ணன் வந்த வழியே திரும்பினார். அடுத்த மாதமே குடும்பத்தோடு ஊருக்குக் கப்பலேறினார். அவர் பெட்டியைச் சுமந்துபோன நாட்டாமை, துறைமுகத்திலிருந்து ஓடிவந்து என் வாசலில் மூச்சு வாங்கினார்.

"தம்பி, பெட்டிய ஏத்திட்டேன். கப்பல் சங்கு ஊத இன்னும் நேரம் இருக்கு. வாங்க."

"போடா கூலி" என்று கதவைச் சாத்தினேன்.

மறு வருஷம் அண்ணன் செத்துப்போன கடுதாசி வந்தது. என் வீம்பை நினைத்தால் இன்றும் எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

கடுதாசி வந்த அன்று சாயங்காலம் நாட்டாமை வந்தார். துக்கம் விசாரிக்கவில்லை. நேரே கட்டிலின் தலைமாட்டுக்குப் போய், அண்ணன் நிற்கும் இடத்தில் நின்றார்.

"புடிங்க தம்பி. கட்டில் அங்க போகவேண்டிய மாசம் தவறிப்போச்சு."

பூட்டிக் கிடந்த அண்ணன் வீட்டு வாசல் வரைக்கும் தூக்கிப்போய், கட்டிலோடு திரும்பினோம். வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கண் தெரியவில்லை.

"படி இருக்கு தம்பி, மெள்ள" என்றார்.

"சரிங்க நாட்டாமை" என்றேன். எந்த அர்த்தத்தில் சொன்னேன் என்று அவர் கேட்கவில்லை.