ரம்புட்டான் கிலோ மைனஸ் ஐநூறு

இனி வீட்டுச் செலவுக் கணக்கு என் பொறுப்பு என்று முடிவெடுத்தேன். தென்காசியில் நான் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். பெயர் எபனேசர். தெருவே என்னிடம் கணக்குக் கேட்கும். என் மனைவி பெர்சிஸ் மட்டும் எனக்குக் கணக்குச் சொல்லமாட்டாள்.

குற்றாலத்தில் சீசன். சனிக்கிழமைகளில் தன் தங்கச்சி ஜெனியோடு அருவிக்குப் போவாள். வரும்போது பழம் வாங்கி வருவாள். கிலோ என்ன விலை என்றால், "மொத்தமாத்தான் குடுத்தேன். பிரிச்சுச் சொல்லத் தெரியாது" என்பாள்.

தெரியாவிட்டால் என்ன? சமன்பாடு இருக்கிறது.

போன வாரம் மங்குஸ்தான் ஒரு கிலோ, ரம்புட்டான் ஒரு கிலோ, தொள்ளாயிரம். இந்த வாரம் மங்குஸ்தான் இரண்டு, ரம்புட்டான் மூன்று, ஆயிரத்து முந்நூறு. விலை மாறவில்லை என்று அவளே சொன்னாள். முதலாவதை இரண்டால் பெருக்கினேன். இரண்டாவதிலிருந்து கழித்தேன்.

ரம்புட்டான் கிலோ மைனஸ் ஐநூறு.

அதாவது, கடைக்காரர் பழத்தையும் கொடுத்து, ஐநூறு ரூபாயும் கொடுத்து வழியனுப்புகிறார். குற்றாலத்துக்காரர்கள் நல்லவர்கள்தான். அவ்வளவு நல்லவர்கள் இல்லை.

"ஏட்டி, இங்கன வா. ரம்புட்டான் விலை பூஜ்யத்துக்குக் கீழ போகுது."

"நான் பேரம் பேசுனா அப்படித்தான்."

"தொள்ளாயிரத்துல வேற என்னமோ இருக்கு."

"இருக்கு. இசட்டு."

"என்னது?"

"இருபது வருஷமா அடுப்படியில நின்னு உங்க பாடத்தக் கேக்கேன். எக்ஸ், ஒய்க்கு அடுத்து இசட்டுதான? பரோட்டாவும் நாட்டுக்கோழியும். குளிச்சிட்டு வந்தா பசிக்காதா? நானும் ஜெனியும் தின்னோம். இந்த வாரம் மழை, நேரா வந்துட்டோம்."

"எனக்கு?"

"உங்களுக்குக் கொலஸ்ட்ராலு."

"எவ்வளவு ஆச்சு?"

"ஞாபகம் இல்ல. நீங்கதான் வாத்தியாரு, கண்டுபிடிங்க."

"தெரியாதது மூணு. சமன்பாடு ரெண்டு. விடை வராது."

"அப்போ மூணாவது வேணும். இசட்ட மட்டும் தனியா வாங்குனா நேரா வந்துரும்லா?"

வழிமுறை சரி. முழு மதிப்பெண் போட வேண்டிய வழிமுறை. ரூபாயை எடுத்துக் கொடுத்தேன். ஜெனிக்குப் போன் போனது. ஆட்டோ வந்தது. நானும் சட்டையை மாட்டினேன்.

"நீங்க எங்க கெளம்புதீங்க?"

"கூட வாறேன்."

"தின்னுத ஆளு மூணாயிட்டா இசட்டு மாறிடும். இதுகூடத் தெரியாதா?"

தெரியும். பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பதே அதைத்தான்.

சாயங்காலம் வந்தார்கள். "இசட்டு முந்நூத்தம்பது" என்றாள். போட்டுப் பார்த்தேன். மங்குஸ்தான் முந்நூற்றைம்பது, ரம்புட்டான் இருநூறு. விடை கச்சிதமாக வந்தது.

பரோட்டா வரவில்லை.