விழுங்க மறந்த டீமேக்கர்

மாத்தளை மாவட்டத்தில் தேயிலையைப் பற்றிச் சர்ரு ஐயாவைவிட அதிகம் தெரிந்தவர் எவரும் இல்லை. தண்ணீர் குடிப்பதைப் பற்றி அவரைவிடக் குறைவாகத் தெரிந்தவரும் எவரும் இல்லை. இரண்டுக்கும் நான் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யத் தயார். முதலாவதைத் தொழிற்சாலையில் பத்து வருடம் பார்த்தேன். இரண்டாவதைப் பார்க்க, போன வருடம் அவருடைய வீட்டு விறாந்தையில் ஒரு வாரம் போதுமாயிருந்தது.

எல்கடுவப் பக்கத்து மலையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. அங்கே அவர் டீமேக்கர், நான் ஆபீசில் கிளாக்கர். கொழுந்து வாடி, உருண்டு, காய்ந்து, தூளாகி வந்ததும் வெள்ளைப் பீங்கான் கோப்பைகளை வரிசையாக வைத்து, சாயம் இறக்கி, ருசி பார்ப்பார். கரண்டியில் ஒரு மிடறு எடுப்பார். காற்றோடு சேர்த்து 'சர்ர்ர்ர்' என்று உறிஞ்சுவார். வாய்க்குள் ஒரு சுற்று சுற்றுவார். பிறகு இடது பக்கம் திரும்பி, அங்கே வைத்திருக்கும் வாளியில் 'பிளிச்'. அந்தச் 'சர்ர்' இருக்கிறதே, ரோலர் மெஷின் ஓடும்போதும் கேட்கும், கீழே தொழிலாளர் லயத்துக்கும் கேட்கும். புதிதாக வந்த உதவி மனேஜர், எங்கள் சின்னத்துரை, முதல் நாள் அதைக் கேட்டு, பாய்லர் வெடித்துவிட்டது என்று மேசைக்கடியில் புகுந்துவிட்டார். டீமேக்கருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் அவருடைய மனைவி தெரேசா அக்காவுக்குத்தான் ஞாபகம் இருக்கும். எங்களுக்கெல்லாம் அவர் சர்ரு ஐயா.

ஆள் சாதாரணப் பருமன் இல்லை. தொழிற்சாலைத் தச்சர் பாஸ் அவருடைய நாற்காலிக்கு நாலு கால் போதாதென்று நடுவில் ஐந்தாவது காலும் வைத்துக் கொடுத்தார். உக்குவளை ஆட்டோக்காரர்கள் அவரைக் கண்டால், "ஐயா, நடுவுல ஒக்காருங்க. ஓரத்துல ஒக்காந்தீங்கன்னா வண்டி மாத்தளைக்குப் போகாது, பள்ளத்துக்குத்தான் போகும்" என்பார்கள். அவரும் வயிறு குலுங்கச் சிரிப்பார். ஆனால் சீனி வியாதியும் முழங்கால் வலியும் சேர்ந்து, கொழுந்து வாட்டும் மேல்மாடிக்கு ஏற முடியாமல் பாதிப் படியில் உட்கார்ந்த அன்று அவர் சிரிக்கவில்லை. கண்டியில் ஓர் ஆஸ்பத்திரியில் வயிற்றைச் சிறிதாக்கும் ஆபரேஷனுக்குச் சம்மதித்தது அதற்குப் பிறகுதான்.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. மிச்சமிருந்த வயிறு ஒரு வாழைப்பழம் அளவு. சில வாரங்களுக்குத் தண்ணீர் பதத்தில் உள்ளவை மட்டுமே. மடமடவென்று குடிக்கக் கூடாது. மருந்துக் கோப்பையில் ஊற்றி, சின்னச் சின்ன மிடறாக, நாள் முழுக்கக் குடித்து ஒன்றரை லீட்டரை முடிக்க வேண்டும். சோடா கூடாது. ஸ்ட்ரோ கூடாது. தேயிலையும் கொஞ்ச நாளைக்குக் கூடாது. இந்தக் கடைசி விதியைக் கேட்டதும் ஐயா டொக்டரிடம் கேட்ட கேள்வி அந்த வார்டு முழுக்கப் பிரபலம்.

"விழுங்காம துப்பினா பரவாயில்லையா டொக்டர்?"

டொக்டர் சிரித்தாராம். சிரித்திருக்கக் கூடாது.

உக்குவளையில் ரயில் பாதைக்கு மேலே அவர்களுடைய வீடு. என் வீடு இரண்டு வீடு தள்ளி. வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் பார்க்கப் போனேன். நோயாளியைப் பார்க்கப் போகிற முகத்தை வழியெல்லாம் தயார் செய்துகொண்டு போனால், விறாந்தையில் தொழிற்சாலையே நடந்துகொண்டிருந்தது! ஐந்து கால் நாற்காலியில் ஐயா. எதிரே ஸ்டூலில் வரிசையாக மருந்துக் கோப்பைகள். தம்பிலி இளநீர், வடித்த கஞ்சித் தண்ணீர், வடிகட்டிய கோழி சூப், வெறும் தண்ணீர்.

"வா தங்கச்சி, வா! நேரத்துக்குத்தான் வந்திருக்க! இந்தா பாரு, கஞ்சி. பாடி இருக்கு, கலர் இல்ல. தம்பிலி நல்ல பிரைட், ஆனா ஸ்ட்ரெங்த் பத்தாது. இந்தச் சூப்பு இருக்கே, இத ஏலத்துக்கு அனுப்பினா நம்ம தோட்டத்துப் பேரே கெட்டுரும்!"

உள்ளேயிருந்து தெரேசா அக்கா குரல் கொடுத்தார். "அந்தச் சூப்புக்கு நான் காலையிலருந்து அடுப்புல நிக்கிறேன். கேட்டியா, தோட்டத்துப் பேரு கெட்டுருமாம்!"

அக்காவின் ஏற்பாடு பட்டாளத்தையே வெட்கப்பட வைக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அவருடைய போன் சேவல் மாதிரிக் கூவும். உடனே ஐயா ஒரு மிடறு குடிக்க வேண்டும். வேளைக்கு வேளை பெரிய ஜக்கில் அளந்து வைப்பார். சாயங்காலம் ஜக் காலியாக இருக்க வேண்டும். காலியாகவும் இருந்தது. அதில்தான் எல்லோரும் ஏமாந்துபோனோம்.

நாலாம் நாள் ஐயாவின் உதடு வெடித்திருந்தது. எழுந்தால் தலை சுற்றியது. இவரோ அதையெல்லாம் விட்டுவிட்டு, பின்பக்கம் ஒன்றுக்குப் போய் வந்து என்னிடம் பெருமையாகச் சொல்கிறார்: "கலர் அருமை, தங்கச்சி! நல்ல ஸ்ட்ரோங் பிளேன்டி! இப்புடிச் சாயம் நம்ம தொழிற்சாலையிலயே வருஷத்துக்கு ஒருக்காத்தான் எறங்கும்!"

அக்காவுக்கு முகம் வெளிறிவிட்டது. உடனே ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸிக்குப் போன் போட்டு, எனக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்தார்.

"அது ஒடம்புல தண்ணி இல்லாத கலர்" என்றார் மிஸ்ஸி. "நாளைக்குப் பின்னேரத்துக்குள்ள வெளுக்கணும். இல்லாட்டி கூட்டிக்கிட்டு வாங்க, அட்மிட் பண்ணி சேலைன் ஏத்தணும்."

"ஒன்றரை லீட்டர் குடிக்கிறாரே மிஸ்ஸி! ஜக்கு காலியாகுதே!"

"அப்ப எங்க போகுது?" என்றார் மிஸ்ஸி. நியாயமான கேள்வி.

அக்கா போனை வைத்துவிட்டு உள்ளே போனதும் ஐயா அவர் போன கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "ஊசிக்குப் பயமா ஐயா?" என்று சீண்டினேன்.

"ஊசி கெடக்கட்டும்" என்றார். "அந்த வார்டு கதிரைய நீ பாத்திருக்கியா? கை வைக்கக்கூட எடமில்ல. அஞ்சு நாளு அவ அதுல ஒக்காந்துகிட்டேதான் தூங்கினா. இன்னும் இடுப்பப் புடிச்சுக்கிட்டுத்தான் நடக்குறா, பாத்தியா? என்னைய எத்தன ஊசி வேணும்னாலும் குத்தட்டும். அவள மறுபடி அந்தக் கதிரையில ஒக்கார வைக்க மாட்டேன்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே சேவல் கூவியது. ஐயா கோப்பையை எடுத்தார். 'சர்ர்ர்ர்'. வாய்க்குள் ஒரு சுற்று. இடது பக்கம் திரும்பினார். அங்கே அக்காவின் அந்தூரியம் தொட்டி. 'பிளிச்'. பிறகு என் பக்கம் திரும்பி, "என்னா சொல்லிக்கிட்டிருந்தேன்?" என்றார்.

நான் அந்தூரியத்தைப் பார்த்தேன். மழையே இல்லாத அந்த மாதத்தில், அடுத்த வீட்டுச் செடிகளெல்லாம் தலை தொங்கிக் கிடக்க, இது மட்டும் யானைக் காது மாதிரி இலை விட்டு, ஒன்பது பூ பூத்து நின்றது.

"ஐயா, இப்ப துப்பினீங்களே!"

"யாரு? நானா? பைத்தியமா ஒனக்கு? குடிச்சேன்!"

அடுத்த சேவலுக்கு நான் போனில் வீடியோ எடுத்துவிட்டேன். அக்காவையும் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். ஐயா மூன்று தரம் பார்த்தார். நாலாம் தரம் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். மனுசர் நடிக்கவில்லை, நிஜமாகவே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை!

விஷயம் இதுதான். இத்தனை வருடமாக அவர் குடிக்க வேண்டுமென்றால் பெரிய மக்கில் எடுத்து மடமடவென்று குடித்தார். சின்ன மிடறு என்றால் அது உத்தியோகம். பெரியது உள்ளே, சிறியது வெளியே என்று வாய் பாடமாக்கி வைத்திருந்தது. இப்போது டொக்டர் பெரியதை நிறுத்திவிட்டார். சிறியதை விழுங்க வாய்க்குத் தெரியாது. பாதிக்கு மேல் தொட்டிக்குத்தான் போயிருக்கிறது.

"இந்த மனுசனுக்கு ஆபரேஷன வயித்துல செஞ்சது பிழை" என்றார் தெரேசா அக்கா. "வாயில செஞ்சிருக்கணும்!"

மறுநாள் காலையில் போர் தொடங்கியது. பின்னேரம் வரைதான் தவணை. நானும் லீவு போட்டுவிட்டு வந்து சேர்ந்தேன். முதலில் அந்தூரியத்தை அப்புறப்படுத்தினோம். ஐயா விறாந்தைச் சுவரைத் தாண்டி, ஒழுங்கைச் சந்தில் போன ஒரு நாயின் முதுகில் துப்பினார். அந்தக் குறி தப்பாத திறமையை நாய் ரசிக்கவில்லை.

பிறகு உள்ளே மாதா சொரூபத்துக்கு முன்னால் உட்கார வைத்தோம். அங்கே துப்ப அவருக்கு மனம் வரவில்லை. விழுங்கவும் வரவில்லை. கன்னம் இரண்டும் பூரி மாதிரி உப்ப, கண் பிதுங்க, கால் மணி நேரம் மாதாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பின்கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினார். ஆபரேஷன் செய்துகொண்ட மனிதர் அவ்வளவு வேகமாக ஓடலாமா என்று மிஸ்ஸியிடம் நாங்கள் கேட்கவில்லை.

"சத்தம் போடாம குடிச்சுப் பாருங்களேன் ஐயா" என்றேன். "அந்த சர்ரு வந்தாத்தானே துப்பலும் வருது? காத்தும் உள்ள போகாது."

"சத்தமில்லாம ருசி எப்புடித் தெரியும்?"

"வெறும் தண்ணிக்கு என்னா ருசி?"

"அப்புடிச் சொல்லாத! மலைத்தண்ணி வேற, டவுன் பைப்புத் தண்ணி வேற. இந்தா, இதுல லேசா இரும்பு அடிக்குது." 'சர்ர்ர்ர்'. 'பிளிச்'.

"பாவி மனுசா!" என்று அக்கா பாய்ந்தார்.

அக்கா விறாந்தை பெஞ்சில் காவலுக்கு உட்கார்ந்துவிட்டார். சின்னப் 'பிளிச்' கேட்டாலும் துள்ளி எழுந்து கத்துவார். ஐயா மன்னிப்புக் கேட்பார். அடுத்த மிடறும் அதே கதி. மத்தியானத்துக்குள் உள்ளே இறங்கியது நாலைந்து கோப்பை. அக்கா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, அலுமாரியிலிருந்து ஒரு துவாய்த் துண்டும் போர்வையும் எடுத்துப் பையில் வைத்ததைப் பார்த்தேன். ஐயாவும் பார்த்தார்.

இரண்டு மணிக்கு நான் கஞ்சி வடிக்க வீட்டுக்குப் போனேன். திரும்பி வந்து வாசலில் கால் வைத்ததும் ஐயா இரண்டு கையையும் தூக்கி என்னை மறித்தார். உதட்டில் விரல்.

தெரேசா அக்கா பெஞ்சில் காலை நீட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். திட்டிக்கொண்டே தூங்கியிருக்க வேண்டும், வாய் இன்னும் பாதி திறந்திருந்தது. அவருடைய போன் ஐயாவின் மடியில். சேவலின் குரலை அவர் அடக்கிவைத்திருந்தார். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். கோப்பையை எடுத்தார்.

உதட்டைக் கோப்பையில் வைத்தார். சத்தமில்லை! கன்னம் அசைந்தது. பழக்கப்படி முகம் இடது பக்கம் திரும்பியது. துப்பினால் அக்கா எழுந்துவிடுவார். பாதியிலேயே நின்றார், கண்ணை இறுக மூடினார். தொண்டை ஏறி இறங்கியது. எனக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது. தட்டவில்லை, கையில் கஞ்சிச் சட்டி.

ஐந்து நிமிடம். இன்னொரு மிடறு. அதுவும் உள்ளே. ஐந்து நிமிடம். இன்னொன்று. கண்டியிலிருந்து வந்த ரயில் கீழே கூவிக்கொண்டு போனபோது, ஒரு சின்னப் பிள்ளையை அதட்டுகிற மாதிரி அதைப் பார்த்துக் கையை ஓங்கினார். அக்கா புரண்டு படுத்தார். ஐயா கோப்பையை அந்தரத்தில் பிடித்தபடி, அவர் மறுபடி சீராக மூச்சு விடும்வரை காத்திருந்தார். பிறகு குடித்தார். மூன்று மணி நேரம்! தொழிற்சாலையையே அதிர வைத்த மனிதர், ஒரு பூனை பால் குடிக்கிற சத்தம்கூட இல்லாமல் ஜக்கின் அடியைத் தொட்டுவிட்டார்.

ஐந்தரைக்கு அக்கா திடுக்கிட்டு விழித்தார். கண் நேரே ஜக்குக்குப் போனது. "எங்க துப்பினீங்க?"

"துப்பல்ல."

"பொய்!"

"இல்ல அக்கா" என்றேன். "நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். அம்புட்டும் உள்ளதான் போச்சு."

"அப்ப என்னைய எழுப்பியிருக்கலாமே! இந்நேரம் வரைக்கும் கட்ட மாதிரிக் கெடந்திருக்கேன்!"

"எழுப்பவா?" என்றார் ஐயா. "பத்து நாளைக்கு அப்புறம் இன்னைக்குத்தானே நீ கால நீட்டிப் படுத்த. ஒனக்குத் தூக்கம் வந்துச்சு, எனக்குத் தண்ணி எறங்குச்சு. வேல முடிஞ்சுதா இல்லியா?"

பின்பக்கம் போய்த் திரும்பி வந்தபோது அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "வெளுத்துருச்சு! லைட்டு! இனிமே அத யாரும் டீன்னு சொல்ல ஏலாது!" மிஸ்ஸிக்குப் போன் போட்டோம். தலை சுற்றுகிறதா என்று கேட்டார், இல்லை என்றோம். இனி வர வேண்டாம், இதே மாதிரிக் குடிக்கட்டும் என்றார். அக்கா பையிலிருந்த துவாயையும் போர்வையையும் எடுத்தார். துவாயை முகத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு போர்வையை விரித்து, பெஞ்சிலேயே மறுபடி படுத்துவிட்டார்.

ஐயாவுக்கு அந்தச் சந்தோஷத்தை உக்குவளை முழுக்கக் கேட்கும்படி கத்த வேண்டும் போலிருந்தது. நெஞ்சு விரிந்து, வாயும் திறந்துவிட்டது. அக்காவைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு என் காதருகே குனிந்தார். இப்படி ஒரு குரல் அவரிடம் உண்டென்று எனக்கு அதுவரை தெரியாது.

"அடுத்த கோப்பைய ஊத்து, தங்கச்சி."

ஊற்றினேன். அவ்வளவு பிரியத்தோடு நான் யாருக்கும் தண்ணீர் ஊற்றிக் கொடுத்ததில்லை.