நீல சுவிட்சும் சாத்திய கதவும்

அன்பும் அடக்கமும், கேட்டவுடன் ஆலோசனை சொல்லும் தாராள மனமும் உள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு, தங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு என்னைத் தவிர எல்லோரும் சுகம். அங்கு தாங்களும் என் மகளும் சுகமாக இருப்பதை உங்கள் அத்தை தினமும் போனில் விசாரித்து, கீழ்வீட்டுக்கும் கேட்கும்படி சந்தோஷப்பட்டுக்கொள்வதால் நான் தனியாக விசாரிக்கவில்லை. இதைத் தங்கள் அலுவலக முகவரிக்கு அனுப்புவதற்கு மன்னிக்க வேண்டும். கைப்பேசியிலேயே அனுப்பியிருக்கலாம். ஆனால் தங்கள் கைப்பேசியை என் மகள் பார்ப்பாள், அவள் பார்த்தால் அவள் அம்மா பார்த்த மாதிரிதான், அப்புறம் நான் எழுதியதை எனக்கே உட்கார வைத்து வாசித்துக் காட்டுவார்கள்.

மாப்பிள்ளையைக் குறை சொல்லும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. இதையும் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தாங்கள் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கொடுத்த மெக்கானிக்கல் கீபோர்டு என் வாழ்க்கையைக் குட்டிச்சுவராக்கிவிட்டது என்று தெரிவித்துக்கொள்ளவே எழுதுகிறேன்.

நான் கேட்டது என்ன என்று சற்று நினைத்துப் பாருங்கள். பழைய கீபோர்டில் டீ கொட்டிவிட்டது, விலை குறைவாக, நாலு வருஷம் உழைக்கிற மாதிரி ஒன்று சொல்லுங்கள் என்றேன். அவ்வளவுதான். அதற்குத் தாங்கள், "மாமா, ரப்பர் கீபோர்டை இனிமே கையால தொடாதீங்க. பட்ஜெட்லயே அருமையான மெக்கானிக்கல் எல்லாம் வந்திருக்கு. மொதல்ல சுவிட்ச் என்ன கலர்னு முடிவு பண்ணுங்க" என்றீர்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் தனியாக ஒரு சுவிட்ச் உட்கார்ந்திருக்கிறது, சிவப்பு என்றால் வாயைத் திறக்காமல் இறங்கும், பழுப்பு என்றால் லேசாக ஒரு தட்டுத் தட்டும், நீலம் என்றால் ஊருக்கே சொல்லிவிட்டுத்தான் இறங்கும் என்று பொறுமையாக விளக்கினீர்கள். கூடவே மூட்டை மூட்டையாக வீடியோக்கள். ஒன்றிலாவது மனித முகம் உண்டா? வெறும் விரல்கள். ஒருவர் இரண்டு கீபோர்டுகளை மாற்றி மாற்றித் தட்டி, "இந்த டொக்குக்கும் அந்த டொக்குக்கும் வித்தியாசம் தெரியுதா மக்களே?" என்று அழாத குறையாகக் கேட்கிறார். எனக்கு இரண்டுமே யாரோ கடன் கேட்டுக் கதவைத் தட்டுவது போலத்தான் இருந்தது. நான் சிவப்பு போதும் என்றேன். அன்றைக்கு என் நாக்கில் சனி உட்காரவில்லை, சரியாகத்தான் சொன்னேன். தாங்கள்தான், "இல்ல மாமா, உங்களுக்கு நீலம்தான் செட் ஆகும். அடிச்சா அடிச்ச மாதிரி இருக்கணும்" என்று ஒற்றைக் காலில் நின்றீர்கள். பெண்ணைக் கொடுத்த இடத்தில் மறுத்துப் பேசுவானேன் என்று நீலத்தையே வாங்கினேன்.

வந்து சேர்ந்தது. கருங்கல் கனம். மின்சாரம் கொடுத்ததும் ஒவ்வொரு எழுத்துக்கு அடியிலும் பச்சை, ஊதா, சிவப்பு என்று விளக்குகள் ஓட ஆரம்பித்தன. அணைப்பது எப்படி என்று கூடவே வந்த தாளில் எறும்பெழுத்தில் போட்டிருந்தது. அதன்படி இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அமுக்கினேன், இன்னும் வேகமாக ஓடியது. அன்றைக்குக் கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசுகிற அலுவலகக் கூட்டம். எங்கள் மேலதிகாரியைத் தங்களுக்குச் சொல்லியிருக்கிறேன், எந்தக் கடிதத்துக்கும் 'அவசரம்' என்றே தலைப்புப் போடுவதால் நாங்கள் அவருக்கு அவசரம் என்றே பெயர் வைத்திருக்கிறோம். அவசரம் என்னையே உற்றுப் பார்த்து, "சார், உடம்புக்கு என்ன? முகம் நீலம் பூத்திருக்கே" என்றார். நான் பதில் சொல்வதற்குள் பச்சையாகிவிட்டேன்.

இதெல்லாம் போகட்டும். விளக்கைப் பொறுத்துக்கொள்ளலாம். சத்தத்துக்கு வருகிறேன்.

தங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, நீங்களும் வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர். என் வேலை காப்பீட்டு நிறுவனத்துக்கு. வண்டியை மோதிவிட்டேன், கூரை ஒழுகுகிறது, கடையில் தண்ணீர் புகுந்துவிட்டது, பணம் கொடுங்கள் என்று வருகிற மனுக்களைப் படித்து, கொடுக்கலாம் என்றோ கூடாது என்றோ இரண்டு வரி எழுத வேண்டும். இதில் எழுதுவது கொஞ்சம், யோசிப்பதுதான் அதிகம். யோசிக்க வேண்டுமானால் கண்ணை மூட வேண்டும். கண்ணை மூடினால் உடம்பு சற்றுச் சாயும். அதற்காகத்தான் அந்த அறையில் சாய்வு நாற்காலி கிடக்கிறது. இந்த வீட்டில் ஒழுங்காகச் சாத்துகிற கதவு உள்ள ஒரே அறை அது. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டால், "அவர் வேலையா இருக்காரு" என்று உங்கள் அத்தை யாரையும் அண்ட விடமாட்டாள். துணி மடிப்பது, குழாய் ரிப்பேர்காரரைத் தேடிப் போவது, அவளுடைய பெரியப்பா பையன் வந்தால் எதிரே உட்கார்ந்து அவனுடைய நில வியாபாரத்தைக் கேட்பது, எதுவும் என் தலையில் விழாது. இந்த மரியாதை முழுக்க ஒரு ரப்பர் கீபோர்டின் மேல் நின்றுகொண்டிருந்தது என்பது அது போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அடித்தாலும் சத்தமில்லை, அடிக்காவிட்டாலும் சத்தமில்லை. அதுவல்லவா கீபோர்டு!

நீல சுவிட்சில் முதல் நாள் அடித்தேன். கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்து, "தையல் மிஷின் வாங்கியிருக்கீங்க போல, இந்தச் சட்டையில ரெண்டு பட்டன் மட்டும் வச்சுத் தர முடியுமா?" என்று சட்டையோடு நின்றார். உங்கள் அத்தை டீ கொண்டுவந்து வைத்து, "இத்தனை வருஷமா உள்ள இவ்வளவு வேலையா பண்ணிக்கிட்டிருந்தீங்க? பாவம்ங்க நீங்க" என்று கண் கலங்கினாள். எனக்கே என் மேல் ஒரு மதிப்பு வந்தது. அந்த மதிப்பு மத்தியானம் வரைதான். சாப்பிட்டுவிட்டு வந்து யோசிக்க ஆரம்பித்தேன். சமையலறையிலிருந்து குரல் வந்தது. "என்னங்க, சத்தத்தையே காணோம்? வேலை முடிஞ்சிருச்சா? முடிஞ்சிருச்சுன்னா பரண்ல இருக்கற பெட்டியைக் கொஞ்சம் இறக்கிக் குடுங்க."

இறக்கினேன். மறுநாள் துணி மடித்தேன். அதற்கடுத்த நாள் பெரியப்பா பையன் வந்தான். சாப்பாட்டு நேரம் தாண்டியும் எழுந்திருக்கவில்லை. ஆறு, குளம் எல்லாவற்றையும் மனை போட்டுவிட்டுத்தான் போனான்.

இது சரிப்படாது என்று ஒரு யுக்தி செய்தேன். சாய்வு நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டு, கீபோர்டை மடியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு வாய்க்கு வந்தபடி என்பது போல் விரலுக்கு வந்தபடி தட்டினேன். வெளியே பரம திருப்தி. "நல்ல வேகம் இன்னைக்கு" என்று பாராட்டு வேறு. தட்டிக்கொண்டே தூங்கப் பழகிவிட்டேன் மாப்பிள்ளை, இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. ஆனால் எதிரே கம்ப்யூட்டரில் திறந்திருந்தது ஒரு குடைக்கடைக்காரரின் மனு. கடைக்குள் மழைத்தண்ணீர் புகுந்து குடைகள் எல்லாம் நனைந்துவிட்டனவாம். 'காரணம்' என்ற கட்டத்தில் நான் தூக்கத்தில் தட்டியது பக்கம் பக்கமாக நிரம்பி, கடைசியில் விரல் பட்டு அவசரத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. விழித்துப் பார்த்தேன். சர்வீஸ் போச்சு, பென்ஷன் போச்சு என்று வேர்த்துக் கொட்டியது. பதில் வந்தது: 'மிகவும் ஆழமான ஆய்வு. அனைவரும் இம்முறையைப் பின்பற்றவும்.' கீழே என் அறிக்கையையும் இணைத்து அலுவலகம் முழுவதற்கும் அனுப்பியிருந்தார். குடைக்கடைக்காரருக்குப் பணமும் கிடைத்துவிட்டது. நியாயமான மனுதான், அதனால் மனசாட்சி ரொம்ப உறுத்தவில்லை. உறுத்தியது அடுத்த நாள்தான். இப்படி ஆழமாக ஆராய்கிறவர் நம்மிடையே இருக்கும்போது என்று சொல்லி, வேறு இருவருடைய மனுக்களையும் என் தலையிலேயே கட்டிவிட்டார்கள். இப்போது நான் உண்மையிலேயே வேலை செய்கிறேன் மாப்பிள்ளை. இந்த வயதில் எனக்கு இது தேவையா, நீங்களே சொல்லுங்கள்.

சரி, சத்தத்தையாவது அடக்கலாம் என்று பார்த்தேன். அடியில் துண்டை மடித்து வைத்தால், துண்டுக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுகிற மாதிரி கேட்கிறது. தாங்கள் அனுப்பிய இன்னொரு வீடியோவில் பொத்தான்களைப் பிடுங்கி அடியில் ரப்பர் வளையம் மாட்டினால் சத்தம் குறையும் என்றிருந்தது. எல்லாவற்றையும் பிடுங்கி ஒரு கிண்ணத்தில் போட்டு வைத்தேன். உங்கள் அத்தை அதைப் பார்த்து, அழுக்காக இருக்கிறதே என்று கழுவிக் காய வைத்துவிட்டாள். வளையத்தை மாட்டி, ஞாபகத்தில் இருந்தபடி எழுத்துகளைத் திருப்பிப் பொருத்தினேன். சத்தம் அப்படியேதான் இருந்தது, எழுத்துகள்தான் இடம் மாறிவிட்டன. கடவுச்சொல்லை அடித்தால் தவறு, மறுபடி அடித்தால் தவறு, அப்புறம் கணக்கையே பூட்டிவிட்டார்கள். அலுவலகத்துக் கம்ப்யூட்டர் பையன் போனில், "சார், பதட்டப்படாம கீபோர்டைப் பார்த்து அடிங்க" என்றான். "பார்த்துத்தான் தம்பி அடிக்கிறேன்" என்றேன். பாதி நாள் இப்படியே போன பிறகுதான், பழைய கீபோர்டைப் பார்த்து எழுத்துகளை அதனதன் இடத்தில் பொருத்தினேன்.

இதற்கு மேல்தான் உண்மையான ஆபத்து. உங்கள் அத்தைக்குக் காது தேறிவிட்டது. முதலில் சத்தம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவள், பிறகு ரகம் பிரிக்க ஆரம்பித்தாள். தூக்கத்தில் தட்டுவதைக் கண்டுபிடித்துவிட்டாள். "ஒரே தாளமா ஓடுதே, இது எழுத்து இல்லையே" என்று கதவைத் தட்டினாள். அழிக்கிற பொத்தான் இருக்கிறதே, அது கொஞ்சம் பெரியது, அதற்கென்று தனியாக ஒரு 'டொப்'. அதையும் பிடித்துவிட்டாள். "ஏங்க, நீங்க எழுதறதை விட அழிக்கறதுதான் ஜாஸ்தியா இருக்கு. இதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?" என்று கேட்கிறாள். நேற்று என் மகளிடம் போனில், "அப்பாவா? காலையில இருந்து அழிச்சுக்கிட்டே இருக்காரு" என்று வானிலை அறிக்கை வாசிக்கிறாள். கதவு சாத்தித்தான் இருக்கிறது. ஆனால் சாத்தி என்ன பயன்? நடுக்கூடத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிற மாதிரி கூசுகிறது.

ஆகவே மாப்பிள்ளை, தங்கள் கையைக் காலாக நினைத்துக் கேட்டுக்கொள்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை சும்மா பார்க்க வந்த மாதிரி வாருங்கள். கீபோர்டைத் தட்டிப் பார்த்து, "இதுல என்னமோ கோளாறு இருக்கு மாமா, நான் எடுத்துட்டுப் போய்ப் பார்க்கறேன்" என்று சொல்லிவிட்டு எடுத்துச் சென்றுவிடுங்கள். சிவப்போ, ரப்பரோ, வாய் பேசாதது எதுவானாலும் ஒன்று வாங்கி அனுப்புங்கள். பணத்தை நான் கொடுத்துவிடுகிறேன். இது நமக்குள் இருக்கட்டும், என் மகளுக்குத் தெரிய வேண்டாம். எனக்கு அந்த அறை திரும்ப வேண்டும். இந்த உலகத்தில் எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான்.

தாங்களும் என் மகளும் எல்லா நலனும் பெற்று, வாயில்லாத சாமான்களோடு நீண்ட காலம் வாழ வேண்டும் என்று மனதார ஆசீர்வதிக்கும்,

தங்கள் மாமனார்.

பின்குறிப்பு: இதைப் பேனாவால் எழுதுகிறேன், கவனித்திருப்பீர்கள். மேலே உள்ளதை அடித்து முடித்து, தாளில் அச்செடுத்து மூச்சு விடுவதற்குள் உங்கள் அத்தை கதவைத் திறந்துகொண்டு வந்து, "மாப்பிள்ளைக்கு எழுதி முடிச்சாச்சா?" என்றாள். ஆபீஸ் மனு என்றேன். "ஆபீஸ் மனுன்னா நாலு அடிச்சு மூணு அழிப்பீங்க. இன்னைக்கு உக்காந்ததுல இருந்து ஒரு தடவைகூட அழிக்கல. வயித்தெரிச்சலைக் கொட்டினாத்தான் இப்படி நிக்காம வரும். ஆபீஸ்ல யாரையும் திட்டற தைரியம் உங்களுக்குக் கிடையாது. என்னைத் திட்டறதா இருந்தா எழுத மாட்டீங்க, முணுமுணுப்பீங்க. மிச்சம் யாரு இருக்கா?" என்றாள். நான் தாள்களைக் கீபோர்டுக்கு அடியில் தள்ளினேன். "அவரை ஒண்ணும் சொல்லாதீங்க. சத்தம் போடற கீபோர்டா பாத்துச் சொல்லச் சொன்னதே நான்தான்" என்றாள். என் மகளிடம் இவள் சொல்லியிருக்கிறாள், அவள் தங்களிடம் அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், சத்தமாக இருந்தால்தான் அடித்தது தெரியும் என்று சொல்லியிருக்கிறாள். கொஞ்ச நாளாகத் தாங்கள் போனில் என்னிடம் கத்திப் பேசுவது ஏன் என்று இப்போதுதான் புரிந்தது.

ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "நீங்க வீட்டுலயே இருந்தும் நாள் பூரா நான் ஒத்தையா இருக்கற மாதிரி இருந்துச்சு. இப்ப அந்தச் சத்தம் கேட்டா, ஆள் இருக்காருன்னு இருக்கு" என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, மாப்பிள்ளை. ஆகவே மேலே அடித்ததை எல்லாம் அடிக்காததாக வைத்துக்கொள்ளுங்கள். கீபோர்டு அருமையானது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் வெறுங்கையோடு திரும்புங்கள்.

ஒன்றே ஒன்று. தாங்கள் வீட்டில் வைத்து அடிக்கிறீர்களே ஒரு பெரிய கீபோர்டு, பிறந்தநாளுக்கு என் மகள் தானே தேர்ந்தெடுத்து ஆசையாக வாங்கிக் கொடுத்தாள் என்று சொன்னீர்கள், அதுவும் நீலம்தானே? அதை வாங்கச் சொன்னது யார் என்று உங்கள் அத்தையிடம் இப்போது கேட்டேன். சிரித்துக்கொண்டே வெளியே போய்விட்டாள். இதற்குப் பதில் எழுதுவதாக இருந்தால் தாங்களும் பேனாவாலேயே எழுதுங்கள்.