குளியலறையில் பதிவான பாட்டு

அன்புள்ள மச்சானுக்கு,

வணக்கம். இங்கு நானும் உங்கள் தங்கையும் நலம். குளியலறை மட்டும் நலமில்லை.

உங்கள் மருமகளை உங்கள் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு அனுப்பும் விஷயமாக எழுதுகிறேன். "அவள் குழுவோட ராக் பாட்டை ஒரு தடவை முழுசா கேளுங்க, தேறாதுன்னு பட்டா திங்கட்கிழமையே அனுப்பிடுங்க" என்றீர்களே, கேட்டேன். முழுசாக என்பதில்தான் தகராறு. பாட்டை நம் வீட்டிலேயே பதிவு செய்தார்கள். குளியலறையில் எதிரொலி நன்றாக வருகிறதாம்; அதனால் பாடுகிற நம் பெண்ணை மைக்கோடு அங்கே நிறுத்திவிட்டார்கள். கிட்டார் கூடத்தில், டிரம்ஸ் படுக்கையறையில், நான் துண்டும் கையுமாக நடையில். பாட்டு ஒற்றைக் கிட்டாரில் சாதுவாகத்தான் ஆரம்பிக்கிறது. ஒரு சரணம் போனதும் டிரம்ஸ் வந்து விழுகிறது, அலமாரிப் பாத்திரங்களும் சேர்ந்து வாசிக்கின்றன. பிறகு பல்லவி, மறுபடி சரணம், மறுபடி பல்லவி, அப்புறம் கிட்டார்காரர் தனியாக அழுது தீர்க்கிறார், யாரும் சமாதானம் செய்வதில்லை. திடீரென்று எல்லாம் நின்றது. அப்பாடா என்று கதவைத் தட்டி, "முடிஞ்சுதாம்மா? நான் குளிக்கலாமா?" என்றேன்.

"ஐயோ, அப்பா! அது முடிவில்லப்பா! அங்க நிறுத்தினாத்தான் கடைசிப் பல்லவி மேல் சுதியில ஏறும்!"

"நிறுத்தினவங்க அப்படியே நின்னுட வேண்டியதுதானே?"

மறுபடி முதலிலிருந்து. மறுபடி அதே இடத்தில் தட்டினேன். வேண்டுமென்று இல்லை மச்சான், அந்த இடத்தில் மனிதனால் சும்மா இருக்க முடியாது. அடுத்த முறை உங்கள் தங்கை என் வாயைப் பொத்தினாள். கேள்வி விரலிடுக்கு வழியாகப் போய்விட்டது. கடைசித் தடவை நான் கேட்டும் நம் பெண் நிறுத்தவில்லை, என்மேல் இருந்த ஆத்திரத்தையெல்லாம் கொட்டிப் பாடி முடித்தாள். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. "மாமா கடைக்கே போறேன்ப்பா. சந்தோஷமா?" என்றாள். சந்தோஷம் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டேன். ஆகவே திங்கட்கிழமை வருகிறாள், நாற்காலி போட்டு வையுங்கள். நான் ஒருவழியாகக் குளித்துவிட்டேன்.

அங்கே பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசிகள், அக்கம்பக்கத்தாருக்கு அமைதி.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது கிட்டார்காரர் வந்து அந்தக் கடைசிப் பதிவைப் போட்டுக் காட்டினார். எல்லாம் அடங்கிய இடத்தில் "நான் குளிக்கலாமா?" என்று என் குரல். அதற்குமேல் நம் பெண் வந்து ஏறினாள் பாருங்கள், எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. உங்கள் தங்கை அழுதுவிட்டாள். நாற்காலியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். திங்கட்கிழமை அவளுக்கு மேடை. எனக்கும்தான், துண்டோடு வரச் சொல்லியிருக்கிறார்கள்.